இன்னும் கொஞ்சம்

தங்கை வீட்டுக்குள் வந்த ஓவியர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேரே ஹாலில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

மழையில் நனையும் பேருந்து நிறுத்தம். மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கை இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவரே வரைந்து கொடுத்தது. மறுவாரம் வந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு மட்டமாகவா வரைந்தோம்? அன்றிலிருந்து சட்டைப் பையில் பிரஷ் இல்லாமல் இந்தப் பக்கம் வரமாட்டார். ஒரு நாள் குடையைக் கொஞ்சம் சாய்ப்பார், இன்னொரு நாள் ஈரத் தரையில் வெளிச்சம் சேர்ப்பார். வீட்டில் அவருக்குப் பேரே 'இன்னும் கொஞ்சம்'தான்.

தங்கை மேல் அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம் வேறு. அண்ணன் கொடுத்த படத்தைச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயா மாட்டுவாள்? அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மனுஷனுக்குக் கலையாவது, கத்திரிக்காயாவது.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். நாளைக்கு அவருடைய முதல் கண்காட்சி. வரைந்ததில் ஒன்றுகூட அவருக்குப் பிடிக்கவில்லை. இதையாவது தேற்றிவிடலாம் என்று ஓடிவந்திருந்தார். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் தேறவில்லை. கண்காட்சியும் வேண்டாம், இனிமேல் பிரஷ்ஷையே தொடப் போவதில்லை என்றார்.

தங்கை, பக்கத்தில் நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்துபோய், அண்ணன் வரும்போதெல்லாம் பூட்டியே கிடக்கும் படுக்கையறையைத் திறந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அதே பேருந்து நிறுத்தம். அதே மழை.

அவருக்கு வயிறு எரிந்தது.

"யாரு வரைஞ்சது? என் படத்தைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்கான். ஆனா சத்தியமா எனக்கு இப்படி வராது. இதுல கை வைக்க இடமே இல்லை."

"இதுதாண்ணா நீ குடுத்தது. அடுத்த வாரம் வந்து கொஞ்சம் திருத்தறேன்னு அன்னிக்கே சொல்லிட்டுப் போனே. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. அதுக்குள்ள இவர் இதைப் பார்த்து ஒண்ணு வரைஞ்சு ஹால்ல மாட்டிட்டார். மூணு வருஷமா நீ திருத்தறது அதைத்தான்."

ஓவியர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து படத்துக்குக் கிட்டே போனார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

தங்கை குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"படத்தை எடுத்துட்டுப் போ. பிரஷ்ஷை இங்க வச்சுட்டுப் போ."