மழைக்குப் பின் ஞானசுந்தரம்

கோடையில் தண்ணீரை மிச்சப்படுத்த வீட்டுக்கு ஒருவர் பாசியைப் போலக் காய்ந்து கிடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. செங்கல்பட்டு ஞானசுந்தரம் வீட்டில் ஆண்டுதோறும் அவரே காய்ந்தார். மழை வந்ததும் மனைவி மரகதம் தண்ணீர் தெளிப்பார். உடனே ஞானசுந்தரம் எழுந்து, ஃபேனை ஏன் யாரும் நிறுத்தவில்லை என்று சத்தம் போடுவார்.

இந்த ஆண்டு மழை வந்தும் தெளிக்கவில்லை. மகள் தமயந்தி காதலித்த பையனை அப்பாவுக்குப் பிடிக்காது.

"கல்யாணம் முடியட்டும்மா. எழுந்தா தகராறு பண்ணுவார்."

"பாவம்டி."

"காய்ஞ்சு கிடக்கிறவருக்கு என்ன தெரியப்போகுது?"

சில மாதங்களில் கல்யாணம் சிறப்பாக நடந்தது. மறுவாரம் தெளித்தார்கள். எழுந்தவர் மகளின் கழுத்தில் தாலியைப் பார்த்தார்.

"அவசரமா முடிக்க வேண்டியதாப் போச்சுப்பா. மழை நேத்துதான் வந்துச்சு," என்றாள் தமயந்தி.

அவர் ஜன்னல் வழியே மதில் சுவரைப் பார்த்தார். அதில் படர்ந்த பாசி, மெல்லிய காம்புகள் விட்டு நுனியில் காய் பிடித்திருந்தது.

"நேத்து மழைக்குப் பாசி பச்சையாகும். காய் பிடிக்க மாசக்கணக்காகும். இதுகூடவா எனக்குத் தெரியாது?"

தமயந்தி தாலியைச் சேலைக்குள் தள்ளினாள்.

"சண்டை போட்டிருப்பேன்தாம்மா," என்றார். "போட்டுட்டு, பந்தியில நான்தான் பரிமாறியிருப்பேன்."