அறிக்கைக் கட்டணம்

"மருத்துவ அறிக்கைக்கு இன்னும் பணம் கட்டலையே" என்றாள் வரவேற்பறைப் பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"போன வாரமே கட்டிட்டேனேம்மா" என்றார், மனைவியோடு வந்திருந்த கணவர்.

"ரசீதைக் காட்டுங்க."

"ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோச்சு, அப்புறம் தர்றேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எல்லாரும் இதே பாட்டுதான். ஊனமுற்றோர் உதவித்தொகை மட்டும் இனிக்கும், எங்களுக்குக் கொடுக்கறதுன்னா கசக்கும்."

அந்தக் கிளினிக்கில் நோயாளிகள் உட்கார இரண்டே நாற்காலிகள். கட்டணப் பலகை மட்டும் சுவரளவு இருந்தது.

கணவர் விடவில்லை. "பணத்தை வாங்கும்போது ஃபோன்ல உங்க அக்காவைத் திட்டிக்கிட்டிருந்தீங்க. எண்ணாமலே டிராயர்ல போட்டீங்க."

அவள் முகம் சிவந்தது. மனைவியோ கணவரையே வியந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். அவர் கையிலிருந்த அறிக்கையில் இன்னும் கையெழுத்து விழவில்லை. அது விழாமல் உதவித்தொகை கிடைக்காது.

"என்னம்மா இது?" என்று மனைவியிடம் சிரித்தார். "விபத்துல தலையில அடிபட்டு, காலையில நடந்தது சாயங்காலம் ஞாபகமில்லைன்னு எழுதியிருக்கேன். இவரு போன வாரக் கதையைப் புட்டுப்புட்டு வைக்கிறாரு. இதையும் சேர்த்து எழுதிடவா?"

மனைவி அவசரமாகப் பர்ஸைத் திறந்தாள். "வேண்டாம் டாக்டர். அவர் கட்டலை. நான் இப்பவே கட்டிடறேன்."

"நீயும் கூடத்தானே இருந்தே?" என்றார் கணவர்.

விபத்துக்குப் பிறகு அவர் மறக்காமல் வைத்திருந்த முதல் விஷயம் அது.

"இல்லைங்க" என்றாள் மனைவி. "உங்களுக்கு ஞாபகமில்லை."