விளிம்பில் இருக்கும் கனம்

"இது ஆகாது வேம்புலி. சாயுது."

யோயோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரேவதி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த லேத் பட்டறைக்கு அவள்தான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு வாஷர்கூட வெளியே போகாது.

ஆனால் இது பட்டறை வேலை இல்லை. முதலாளியிடம் கேட்டு வாங்கிய துண்டு அலுமினியத்தில், சாப்பாட்டு நேரத்தில், வேம்புலி தன் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்காகக் கடைந்தது. ஞாயிற்றுக்கிழமை கொரட்டூரில் யோயோ போட்டி. அவளிடம் இருந்த பிளாஸ்டிக் யோயோ பாதி ஆட்டத்தில் சாய்ந்து கயிற்றில் சிக்கிக்கொள்ளும்.

"நான் செஞ்சு தரேன்டா" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

சரியாக இருக்கிறதா என்று அவனே ரேவதியிடம் காட்ட, அவள் திருப்பிக் கொடுத்தது ஆறாவது.

"விளையாட்டு சாமானுக்கு இன்னா மாமே டெஸ்டிங்கு?" என்றான் பக்கத்து லேத்தில் இருந்த கஜபதி. "அந்தம்மாவுக்கு மனசே கெடையாது. நீ பேசாம எட்த்துனு போய் பாப்பாகிட்ட குடு."

வேம்புலிக்கும் கோபம்தான். ஆனாலும் மறுபடி அவள் மேஜைக்குப் போனான்.

"ரெண்டு பாதியையும் தராசுல வெச்சுப் பாத்துட்டேன் மேடம். ஒரே எடைதான் கீது."

"எடை சரிதான். அது எங்க இருக்குன்றதுதான் தப்பு. நடுவுல தடிமனா விட்டுட்டீங்க. சீக்கிரம் சுத்து குறைஞ்சுடும், குறைஞ்சதும் சாஞ்சுடும். நடுவைக் குடைஞ்சு எடுத்துட்டு, கனத்தை விளிம்புல நிறுத்துங்க. அப்பத்தான் ரொம்ப நேரம் நேரா சுத்தும்."

ஏழாவது நேராகச் சுற்றியது, ஆனால் கையில் அதிர்ந்தது. ரேவதி டயல் கேஜை வைத்துப் பார்த்தாள். ஒரு பக்க விளிம்பு முடியளவு தடிமனாக இருந்தது.

"ஆகாது."

எட்டாவதும் ஆகவில்லை. அன்று சனிக்கிழமை; பட்டறையில் அரை நாள்தான் வேலை.

"நாளைக்குப் போட்டி மேடம்."

"இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் லேத் சும்மாதானே இருக்கு?"

கஜபதி பல்லைக் கடித்தான். வேம்புலி டூலைத் தீட்டினான். சாப்பிடப் போகாமல் ஒன்பதாவதைக் கடைந்தான். ஒரு சுற்று சீவுவதும், அளப்பதும், மறுபடி சீவுவதுமாக மணி ஐந்தாகிவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பாமல் ரேவதி காத்திருந்தாள். யோயோவை வாங்கிக் கீழே விட்டாள். கயிற்றின் நுனியில் அது நின்ற இடத்திலேயே சுற்றியது. அசைவே தெரியவில்லை. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்" என்றாள் கடைசியில்.

மறுநாள் கிருஷ்ணப்பிரியாவின் கயிறு ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கடைசிச் சுற்றில் எதிரே ஆடிய பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரே ஒரு பாயிண்டில் கிருஷ்ணப்பிரியா ஜெயித்தாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ரேவதி நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். வேம்புலி அவளிடம் ஓடினான். கண் கலங்கிவிட்டது.

"கஜபதி பேச்சைக் கேட்டு ஆறாவதையே குட்த்திருந்தா தோத்திருக்கும் மேடம். எம்பொண்ணு ஆடறத பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

ரேவதி பதில் சொல்வதற்குள், இரண்டாம் பரிசுக் கோப்பையோடு வந்த பெண் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு பாயிண்ட்லதாம்மா போச்சு."