ஓசிப் பூட்டு

கற்பகம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கப்போகிறாள். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இப்போது அவள் வீட்டுக்காரர் பரமசிவன் லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"ஏட்டி, பாஸ்வேர்டைச் சொல்லுதியா, இல்ல கீழ போடவா?"

மகள் மாரிச்செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் குரலில் ஆரம்பித்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பரமசிவன் எக்ஸ்பிரஸ் கோபத்தின் காரணமாக..."

"பல்லைத் தட்டிருவேன்."

கற்பகம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இது சிரிக்கிற நேரமில்லை.

"படிக்குத பிள்ளைக்கு ஒரு ஃபோல்டரைப் பூட்டி வைக்கணும்னு என்ன வந்துச்சு? அதுவும் ஓசியில கிடைச்ச பூட்டு," என்று பரமசிவன் உறுமினார்.

"மூணு சாஃப்ட்வேர் பாத்துதான்பா இதை எடுத்தேன். ஒண்ணு முப்பது நாளைக்குத்தான் ஓசி. இன்னொண்ணு நம்ம பேரு, போன் நம்பரு எல்லாம் கேட்டுச்சு. இது ஒண்ணும் கேக்கல. எப்படிச் செஞ்சோம்னு உள்ளது பூராவும் வெளியவே போட்டிருக்காவ. யாரும் படிச்சுப் பாக்கலாம்."

"செஞ்ச விதத்தை ஊருக்கே காட்டுனா, அது என்ன பூட்டு?"

"சாவி என் மண்டைக்குள்ளலா இருக்கு. செஞ்சவன் வந்தாலும் திறக்க முடியாது."

பரமசிவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "எவன்கூடவோ பேசுதான்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து காலேஜ் கிடையாது. என்கூட தீப்பெட்டி ஆபீஸுக்கு வரட்டும். மேனேஜர் மக குச்சி அடுக்குதா, லேபிள் ஒட்டுதான்னு நாலு பேரு பாக்கட்டும்."

 பத்தாவதோடு குச்சி அடுக்கப் போனவள் கற்பகம். இந்த மனுசன் சொன்னால் செய்கிறவர்.

"ஏட்டி, சொல்லித் தொலையேன். ஒண்ணுமில்லேன்னா காட்ட வேண்டியதுதான?"

மாரிச்செல்வி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு குரலைக் குழைத்து, ஒரு கொஞ்சல் குரலில் இழுத்தாள்.

"சார்... உங்க குரல் அப்படியே தேன் சார். இன்னொரு பாட்டு பாடி அனுப்புங்க சார். கேட்டுட்டே தூங்கிருவேன் சார்."

கற்பகத்தால் அடக்க முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். "யாருட்டி இவ?"

"என்கூடப் படிக்குதால்ல சுகுணா, அவ அப்பாகிட்ட இப்படித்தான் பேசியிருக்கா ஒருத்தி. முன்னப்பின்னத் தெரியாதவ. அவரும் பாடிப் பாடி அனுப்பியிருக்காரு. இப்பப் பணம் குடு, இல்லேன்னா உன் வீட்டம்மாவுக்கு அனுப்பிருவேன்னு மிரட்டுதா."

"பாடியா?" கற்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வயசுலயா?"

"லேபிள் டிசைன் போன்ல சின்னதாத் தெரியுதுன்னு மக லேப்டாப்ல வாட்ஸ்அப்பைத் திறந்தாராம். மூட மறந்துட்டாரு. சுகுணா கண்ணுல பட்டுருச்சு. போலீஸ்ல குடுக்க ஆதாரம் வேணும், அழிக்கப்படாது. அவ அம்மா கண்ணுலயும் படப்படாது. அதான் என்கிட்டக் குடுத்தா, பூட்டி வச்சேன்."

பரமசிவனின் கை மெல்லக் கீழே இறங்கியது. லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். தோள் துண்டால் அதைத் துடைத்தார்.

"சரி... பூட்டியே இருக்கட்டும். அடுத்தவன் குடும்ப விசயம். நீ காலேஜுக்குக் கிளம்பு."

கற்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுசன் பொண்டாட்டியை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. பாடினாராம்லா..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏட்டி, சுகுணா அப்பா மினிபஸ்லா ஓட்டுதாரு," என்றாள். "அவருக்கு எதுக்கு லேபிள் டிசைன்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். பரமசிவன் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.