வாடகை மண்

மண்வெட்டி பலகையில் இடித்த சத்தம் கேட்டதும் நிவெஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பெட்டி தட்டுப்படுது," என்றார் பெர்ட்டோ, குழிக்குள் இடுப்பளவு நின்றபடி. முப்பது வருடமாக இந்தத் தீவில் குழி தோண்டுகிறவர்.

நவம்பர் மூடுபனியில் சான் மிக்கேலே கல்லறைத் தீவின் சைப்ரஸ் மரங்களுக்குத் தலை இல்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய வெனிஸைக் காணோம். மணியோசை மட்டும் வந்தது.

அம்மாவைப் புதைத்துப் பன்னிரண்டு வருடம். தவணை முடிந்துவிட்டது. எலும்புகளைத் தகரப் பெட்டியில் எடுத்துப்போட்டுச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டால், குழி அடுத்தவருக்கு.

"உசுரோட இருக்கறவனுக்கே இந்த ஊர்ல வீடு கெடைக்கல, எல்லாத்தையும் ஊர் பாக்க வர்றவனுக்கு விட்டுட்டாங்க," என்றார் பெர்ட்டோ. "செத்தவங்களுக்குப் பன்னெண்டு வருஷம் குடுத்ததே பெருசு."



குழிக்கு எதிர்ப்பக்கம் அண்ணன் அல்வீஸே நின்றான். ஒரே படகில்தான் வந்தார்கள். அவன் முன்பக்கம், அவள் பின்பக்கம். படகு துறையில் மோதிக் குலுங்கியபோதுகூட அவன் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கம்பியைப் பிடிக்கவில்லை.

எங்கே தங்கைக்குக் கை கொடுக்க வேண்டி வந்துவிடுமோ என்றுதான் அந்தக் கையை வெளியே எடுக்காமல் இருக்கிறான் என்று நிவெஸ் நினைத்துக்கொண்டாள்.

அவன் அவளோடு பேசியும் பன்னிரண்டு வருடம்.

அம்மா இறந்தபோது அவன் கப்பல் வேலையில் தூரத்தில் இருந்தான். வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். கல்லறைக்குப் போகும் படகு ஏறும் முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: அம்மாவின் மோதிரம் எங்கே?

"அம்மா விரல்லயே போட்டுட்டேன்," என்றாள் நிவெஸ்.

திருடி என்றான். அத்தனை பேர் முன்னால், படித்துறையில் வைத்து.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் கடல்நீர் ஏறி அவள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மூழ்கியிருந்தது. அடுப்பு, குளிர்பெட்டி, பிள்ளையின் கட்டில், எல்லாம் போச்சு. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடைக் கிழவர், அவள் விற்கக் கொண்டுபோன மோதிரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அம்மாவின் விரல் வீங்கிய சமயத்தில் அறுத்தெடுத்து மறுபடி ஒட்டிய கோடு அதில் இருந்தது. ஒட்டுப் போட்டது என்று விலையைக் குறைத்துத்தான் வாங்கிக்கொண்டார்.

வேறு ஊராக இருந்தால், குழிக்குள் போட்ட பொய் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். இங்கே மண்ணே வாடகைக்கு. இந்த ஊரிலேயே பிறந்தவள் அவள். அன்றைக்கு அது எப்படி மறந்து போயிற்று?

பன்னிரண்டு வருடம் என்பது அப்போது முடியவே முடியாத ஒன்றாகத் தோன்றியிருக்கலாம்.

"இன்னிக்கு வெளிச்சத்துக்கு வந்துடும்டி," என்றாள் ஜீனா சித்தி, செவ்வந்திப் பூங்கொத்தை மாரோடு அணைத்தபடி. அன்று படித்துறையில் கேட்டதைத் தெருத்தெருவாகச் சொன்னவள் அவள்தான். இன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே வந்திருந்தாள்.

பெர்ட்டோ மக்கிய பலகையைப் பெயர்த்தார். கறுத்த சேறு. அதற்குள் பழுப்பாக அம்மா.

நிவெஸ் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு எலும்பாகத் துடைத்து மேலே கொடுத்தார். கால்கள், இடுப்பு, விலா. கைக்கு வந்தபோது அவர் விரல்கள் சேற்றில் கொஞ்சம் நின்றன.

"மோதிரம்னு சொன்னீங்களேக்கா. அப்படி ஒண்ணும் காணோமே?" என்று சித்தியைப் பார்த்தார்.

சித்தி தொண்டையைச் செருமினாள்.

சொல்லிவிடலாம் என்று நிவெஸுக்குத் தோன்றியது. இப்போதே, அம்மா முன்னாலேயே, முழுக்க. வாய் திறந்தது. 

"நகருங்க. நான் பாக்கறேன்."

அல்வீஸே குழிக்குள் இறங்கி மண்டியிட்டான்.

"சார், கையுறை!"

அவன் காதில் வாங்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து எடுத்த கையை மூடியபடியே சேற்றுக்குள் விட்டான். முழங்கை வரை. துழாவினான். அறுபது வயது மனிதன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை மாதிரி, வெகுநேரம் அப்படியே இருந்தான்.

பிறகு கையை உருவி, விரித்தான்.

சேறு. சேற்றில் ஒரு வளையம்.

"கேட்டுக்குங்க சித்தி," என்றான்.  "என் தங்கச்சி பொய் சொல்லல. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

சித்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பெர்ட்டோ தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சிடு நிவெஸ்."

குழியிலிருந்து ஏறி வந்து அவள் உள்ளங்கையில் அதை வைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். முகத்தைப் பார்க்காமலே நகர்ந்து, தகரப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றான்.

எல்லாரும் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

நிவெஸ் கட்டைவிரலால் சேற்றை வழித்தாள். உள்பக்கம் நகம் தட்டியது. ஒட்டுப் போட்ட கோடு. அதே மோதிரம்தான்.

மறுபடி விரல்களை மூடினாள்.

விறைக்கும் சேற்றிலிருந்து வந்த மோதிரம் வெதுவெதுப்பாக இருந்தது.