வேற கம்பெனி கார்

வந்து நின்றது எங்கள் கம்பெனி கார் இல்லை.

ஓட்டி வந்தவன் இறங்கினான். சார்ஜ் போடும் கன்னைத் தொடவே இல்லை. நேராக என்னிடம் வந்தான்.

"மேடம், இந்தக் காருக்கு இங்க சார்ஜ் போடலாமா?"

அவன் தலைக்கு மேலேயே ஆளுயர போர்டு இருக்கிறது. எந்தக் கம்பெனி எலெக்ட்ரிக் காராக இருந்தாலும் வரலாம் என்று. ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் வேறு.

போன வாரம் வரை இங்கே எங்கள் கார்களுக்கு மட்டும்தான் சார்ஜ். ஒரு கம்பெனியின் சார்ஜிங் ஸ்டேஷனில் எல்லாக் கம்பெனி கார்களும் போடலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. உடனே போர்டு வந்தது.

போர்டு மாட்டிய அன்றே மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். "அது ஊருக்காகம்மா. வேற கம்பெனி கார் வந்தா மிஷின் ரிப்பேர்னு சொல்லிடு."

மெயிலில் அனுப்புங்க சார் என்றேன். சிரித்தார். படிச்ச திமிர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

ஆமாம், படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் ஆள். எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு, கார் காராகப் போய்க் கன் மாட்டுகிறேன். இந்தச் சம்பளம் வந்த பிறகுதான் அம்மா அடுத்தவர் வீட்டுக் கழிவறையில் குனிவதை விட்டாள். அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஸ்டேஷன் அக்காவும் மூடிக்கொண்டுதான் இருந்தாள். சொன்னபடியே ரிப்பேர் என்றாள். கேட்டவர் மஃப்டியில் வந்த அரசாங்க ஆய்வாளர். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, அந்தப் பெண் தானாகவே செய்தது என்று. அன்றைக்கே தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

சரி, போட்டுவிட்டுப் போகட்டும் என்று விடலாம்தான். ஆனால் மேனேஜரே ஆள் அனுப்பிச் சோதிக்கிறார். விட்டவர்களும் வேலை போய் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இவன் யார்? அரசாங்கமா, மேனேஜர் ஆளா?

கார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பேட்டரி கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து பசிக்கிறது என்கிறவனை எப்படி நம்புவது?

சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஷூ பளபளக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி என் எதிரிலேயே நிற்கிறான். நான் நகர்ந்தால் அவனும் கூடவே திரும்புகிறான்.

அரசாங்கம்தான். முடிவு செய்துவிட்டேன்.

"தாராளமா போடலாம் சார்!"

வாயெல்லாம் பல்லாக, நானே கன்னை எடுத்து மாட்டினேன். மிஷின் உறுமியது. பச்சை விளக்கு எரிந்தது.

அவன் முகம் தொங்கிப்போனது.

"ரிப்பேர் இல்லையா மேடம்?"

ரிப்பேர் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் மேனேஜர் ஆள். போச்சு. நாளைக்கு அம்மா மறுபடி வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

"போய்ச் சொல்லுங்க! அந்தாளுகிட்ட போய்ச் சொல்லுங்க, நான் மாட்டிவிட்டுட்டேன்னு!"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். குரல் இறங்கியது.

"கத்தாத தங்கச்சி. ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிடும்மா. அது வீடியோவுல வரணும். அது இல்லாம திரும்பி வராதேன்னு அனுப்பியிருக்காங்க."

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். உள்ளே போன். கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

அந்தக் கார் கம்பெனி ஆள். அவர்கள் ஸ்டேஷனில் கன் மாட்டுகிறவனாம், என்னை மாதிரியே. கார் கம்பெனியுடையது. சட்டையும் ஷூவும் சூப்பர்வைசருடையது. எங்கள் மேல் புகார் கொடுக்க ஆதாரம் வேண்டுமாம்.

நான் முடியாது என்றால் அவன் வேலை நிலைக்கும். என் வேலை எப்படிச் சொன்னாலும் நிலைக்காது.

"சரிண்ணா. எங்க கார் உங்க ஸ்டேஷனுக்கு வந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?"

போனை வெளியே எடுத்தான். பதிவை நிறுத்தினான். பானெட்டின் மேல் கவிழ்த்து வைத்தான்.

"மிஷின் ரிப்பேர்னு."

எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, யார் கழுத்தையாவது நெரிக்கலாம் போலவும் இருந்தது. போனை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"ஆன் பண்ணுங்கண்ணா. உங்க மேனேஜர் சொன்னதை நீங்க சொல்லுங்க. எங்க மேனேஜர் சொன்னதை நான் சொல்றேன். ரெண்டு கம்பெனி மூஞ்சியும் ஒண்ணா தெரியட்டும்."

அவன் போனைப் பார்த்தான். என் தொப்பியைப் பார்த்தான். கம்பத்தின் உச்சியில் இருந்த கேமராவைப் பார்த்தான். காரை ஒட்டி இரண்டடி பின்னால் போனான்.

"மேடம்," என்றான். "உங்களை யார் அனுப்பினாங்க?"