அனுமதி மறுக்கப்படுகிறது

“நான் வரைஞ்ச படத்தை நானே அச்சடிக்கக் கூடாதா? இது என்ன சார் நியாயம்?”

அவள் போட்ட சத்தத்தில் அச்சகத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

போனின் மறுமுனையில் ஆய்விதழின் அனுமதிப் பிரிவு அலுவலர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“வரைஞ்சது நீங்கதான் மேடம். ஆறு வருஷத்துக்கு முன்னால, கட்டுரை வெளியானப்ப, உரிமையை எங்க இதழுக்கு எழுதிக் குடுத்ததும் நீங்கதான். ஒப்பந்தத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

அவள் கையெழுத்துதான். கட்டுரை வந்தால் போதும் என்ற அவசரத்தில், நீட்டின இடத்திலெல்லாம் போட்டது.

அவள் பிரசவ வார்டு டாக்டர். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கட்டுரையில் பன்னிரண்டு படங்களால் காட்டியிருந்தாள். நாளைக் காலை நாற்பது நர்ஸுகள் பயிற்சிக்கு வருகிறார்கள். மறுபடி அவர்களை ஒன்றாகப் பிடிக்க ஒரு வருஷம் ஆகும். அவர்களுக்காக இங்கே அச்சாகும் கையேட்டில் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் பயிற்சியே வீண்.

“சரி மேடம். கட்டுரையை முதன்முதல்ல எந்தத் தேதியில அனுப்பினீங்க?”

“ஆறு வருஷம் ஆச்சு. தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? மழைக்காலம்னு மட்டும் தெரியும்.”

“அப்ப எந்த ஆஸ்பத்திரியில இருந்தீங்க?”

சொன்னாள். “பார்த்துட்டுக் கூப்பிடறேன்” என்று போனை வைத்துவிட்டார்.

“பேசாம போட்டுடுடா” என்றாள் தம்பியிடம். அச்சகம் அவனுடையதுதான். “யாரு வந்து பார்க்கப் போறா?”

“அக்கா, நான் சூடு கண்ட பூனை. போன வருஷம் ஒருத்தர் பேச்சை நம்பி அடிச்சுட்டு, எட்டு மாசம் கோர்ட்டுக்கு நடந்தேன். கடுதாசி வேணும்.”

“கூடப் பிறந்தவளுக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?”

“கூடப் பிறந்தவன் கம்பி எண்ணினா, சாப்பாடு கொண்டுவர உனக்கு நேரம் இருக்குமா?” சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. “ஏழு மணிக்கு மெஷினை நிறுத்திடுவேன்க்கா. எழுத்தை மட்டும் அடிச்சுடவா?”

“குழந்தை தலையை எவ்வளவு நிமிர்த்தணும்னு எழுத்துல சொன்னா, நாப்பது பேரும் நாப்பது விதமா நிமிர்த்துவாங்கடா. போன மாசம் ஒரு நர்ஸ் கொஞ்சம் அதிகமா நிமிர்த்திட்டா.” தம்பி கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தான்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

“மேடம், அப்ப உங்க மின்னஞ்சல் முகவரி என்ன?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“சொல்லுங்க மேடம்.”

சொன்னாள். வைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு மறுபடியும். “கூட எழுதினவங்க யாராவது உண்டா? அவங்க பேர்ல அனுப்பியிருப்பீங்களா?”

“நான் ஒருத்திதான்!”

ஆறு இருபதுக்கு மறுபடியும். “நீங்க அனுப்பின பழைய பிரதி உங்ககிட்ட இல்லையா?”

அவளுக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

“இருந்தா உங்ககிட்ட ஏன் சார் தொங்கறேன்? ஆஸ்பத்திரிக்குள்ள வெள்ளம் வந்து கம்ப்யூட்டரே போச்சு. முடியும்னா முடியும்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. இங்க குழந்தைங்க உசிரு ஊசலாடுது. உங்களுக்குப் பேப்பர்தான் உசிரு!”

“எழுத்துல பதில் வரும் மேடம்.”

ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது மின்னஞ்சல் வந்தது. உடனே திறந்தாள்.

‘எங்கள் இதழில் வெளியான படங்களை மறுபதிப்புச் செய்யத் தாங்கள் கோரிய அனுமதி மறுக்கப்படுகிறது.’

போனை மேஜைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தாள்.

“படுபாவி. மூணு மணி நேரம் இழுத்தடிச்சு, கடைசியில கழுத்தை அறுத்துட்டான். எழுத்தை மட்டும் அடிச்சுக்கோடா.”

தம்பி போனை எடுத்து விரலால் தள்ளினான். நின்றான். இன்னொரு தரம் படித்தான்.

“அக்கா, கடுதாசி இன்னும் முடியலை.”

“என்னவாம்?”

அவன் உரக்கப் படித்தான்.

“‘ஆயினும், ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவின்படி, இதழ் வடிவமைப்பதற்கு முன் தாங்கள் அனுப்பிய பிரதியின் உரிமை தங்களுடையதே. அதை அச்சிட எவர் அனுமதியும் தேவையில்லை; கட்டுரை வெளியான இதழைக் குறிப்பிட்டால் போதும். எங்கள் பழைய கோப்புகளில் தேடி எடுத்த அந்தப் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’”

இணைப்பைத் திறந்தான். பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் கையால் எழுதிய எண்.

“இந்தக் கடுதாசி போதும்க்கா” என்று தம்பி மெஷின் பக்கம் ஓடினான். “இன்னிக்கு ஏழு மணி கொஞ்சம் லேட்டாத்தான் அடிக்கும்!”

அவளுக்கு முகம் சுட்டது. என்னவெல்லாம் பேசிவிட்டோம்! ஒரு வார்த்தை நன்றி சொல்ல, மத்தியானம் கூப்பிட்ட அதே அலுவலக எண்ணை அழுத்தினாள்.

பதிவு செய்த குரல் ஒன்று பதில் சொன்னது:

“வணக்கம். அனுமதிப் பிரிவின் வேலை நேரம் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை மட்டுமே.”